கீழவிளையின் பிடியரிசி

யேசுரத்தினம் மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் ஒயர்மேனாக இருந்தார். கருங்கல் சுற்றுவட்டத்தில் அவர் ஏறாத கம்பம் குறைவு. ஒரு இடத்தில் கரண்ட் இல்லை என்று போன் வந்தால் அவர் அவசரப்படமாட்டார். முதலில் டிரான்ஸ்பார்மரைப் பார்ப்பார், பிறகு அதற்கு அடுத்த கம்பம், பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் பழுது எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கலாம் என்பார். பழுது என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு இடமும் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. கடந்த ஆவணியில் இறந்துபோகும்வரை அந்த நம்பிக்கை அவருக்கு முழுதாகப் போனதாகத் தெரியவில்லை.

ஊர் பாறைவிளை. கருங்கல்லிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. நடுவில் மிஷன் காலத்து ஆலயம். அதற்கு மேலே மேட்டுவிளை, இருநூறு வீட்டுக்கு மேல். கீழே வயலை ஒட்டிக் கீழவிளை, முப்பத்தெட்டு வீடு, எல்லாம் சாம்பவர். இரண்டு விளைக்கும் ஒரே சபை, ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே கல்லறைத் தோட்டம். கல்லறைத் தோட்டத்தில் தெற்கு மூலை கீழவிளைக்கு. இப்போது யேசுரத்தினமும் அங்கேதான் இருக்கிறார். அரசாங்கக் காகிதத்தில் அவர் கிறிஸ்தவர், ஆகவே பட்டியல் சாதி இல்லை. சபையில் அவர் கீழவிளைக்காரர். இரண்டு இடத்திலும் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, 2006 வரை.

அந்த வருடம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில், அவர் டியூப் லைட்டுகளைக் கழற்றப் போனார். பண்டிகைக்கு ஒயரிங் வேலை எப்போதும் அவருடையதுதான். முந்தின நாள் அசனம். சபையார் எல்லோரும் பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. நானூறு இலை விழும். அதற்கு வேண்டிய அரிசி கடையில் வாங்குவதல்ல. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். அது பிடியரிசி, கர்த்தருக்கு உரியது. பண்டிகைக்கு முன் கமிட்டியார் வீடுவீடாக வந்து அதை வாங்கிப்போவார்கள். யேசுரத்தினத்தின் மனைவி ராஜபாய் அதற்கென்று ஒரு பெரிய பால்பவுடர் டின் வைத்திருந்தார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் டின்னில் ஒரு பிடி விழாமல் உலை கொதிக்காது.

ஆலயத்தின் பின்பக்க அறையில் ஒயர் சுற்றிவைக்கப் போனபோது மூலையில் மூன்று சாக்கு அரிசி இருந்தது. மூன்றிலும் சாக்பீஸால் ‘கீ’ என்று எழுதியிருந்தது. வெளியே ஒரு மினி லாரி வந்து நின்றது. கோயில்குட்டி சிலுவைதாசன், ஆலயத்தைத் திறந்து அடைக்கிற வேலை அவருக்கு, வந்து முதல் சாக்கைத் தூக்கினார்.

“இது எங்க ஆளுவளுக்க அரிசி இல்லியா?” என்று யேசுரத்தினம் கேட்டார்.

“ஆமா. அதுக்கென்ன?”

“அசனத்துக்கு எடுக்கல்லியா?”

“அது எப்பளும் எடுக்கமாட்டாவ. கோழிப்பண்ணைக்காரரு வந்து கொண்டு போவாரு.”

“எப்ப தொட்டு?”

சிலுவைதாசன் சாக்கைத் தோளில் வைத்தபடியே யோசித்தார். “எனக்க அப்பன் இந்த வேல பாத்த காலம் தொட்டு. அப்ப கோழிப்பண்ண இல்ல. மாட்டுக்கு.”

அவர் அதை ஒளிக்கவுமில்லை, குத்திக்காட்டவுமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். யேசுரத்தினம் அடுத்த சாக்கைத் தூக்க ஒரு கை பிடித்துக்கொடுத்தார். கை தானாக நீண்டுவிட்டது என்று பிற்பாடு சொன்னார். பாரம் தூக்குகிறவனுக்குக் கைகொடுப்பது அவருக்கு யோசித்துச் செய்கிற காரியமல்ல.

மறுநாள் அவர் அதைத் தங்கையனிடம் சொன்னார். தங்கையன் மேட்டுவிளைக்காரர். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வருடம் வாரியத்தில் சேர்ந்தவர்கள். ஒருவர் கம்பத்தில் இருந்தால் மற்றவர் கீழே நிற்பார். மத்தியானம் இருவர் சாப்பாட்டையும் நடுவில் வைத்துத்தான் தின்பார்கள். தங்கையன் வீட்டு மீன்குழம்பு, ராஜபாய் அவித்துக் கொடுத்த மரச்சீனிக் கிழங்கு. கிழங்கில் முக்கால் பங்கு தங்கையனுக்குப் போகும். “ஒனக்க பெண்டாட்டிக்க கைக்கு ஒரு வளையலு போடணும் லே, கவர்மெண்டு செலவில,” என்பார். ஆனால் ஊருக்குள் வந்தால் யேசுரத்தினத்தின் முற்றத்தைத் தாண்டி அவர் உள்ளே வந்ததில்லை. பைக் வெயிலில் நிற்கிறது, மழை வருகிறது, வீட்டில் ஆள் வந்திருக்கிறது. இருபத்தேழு வருடமாக ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. யேசுரத்தினம் அதையெல்லாம் காரணம் என்றே நினைத்திருந்தார்.

தங்கையன் கேட்டுவிட்டுச் சிரித்தார். “லேய், அது வேற ஒண்ணும் இல்ல. மேல உள்ளவங்க தாறது சம்பா அரிசி. அதுக்கு வேவு கூடுதல். நீங்க தாறது ரேஷன் அரிசி. ரெண்டையும் ஒரு அண்டாவில போட்டா இது குழைஞ்சு பெய்ரும், அது வேகாம நிக்கும். ஒனக்குத் தெரியாததா? இதில என்ன சாதி?”

யேசுரத்தினத்துக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. வேவு என்பது சரிசெய்யக்கூடிய விஷயம்.

அடுத்த வருடம் பண்டிகைக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே ராஜபாய் முப்பத்தெட்டு வீட்டுக்கும் நடந்தார். பிடியரிசி இனி சம்பா. பக்கத்து வீட்டு நேசம்மாளுக்கு அது ஏறவில்லை. “நாங்க தின்னியது ரேஷன், கோயிலுக்கு மட்டும் சம்பாவா?” என்று கேட்டு, ராஜபாயின் முகத்தைப் பார்த்து, “சரி போ. கர்த்தராவது நல்லதா தின்னட்டு,” என்று ஒத்துக்கொண்டார். அந்த வருடம் கீழவிளை கொடுத்த அரிசியை மேட்டுவிளை அரிசியோடு கலந்துவிட்டால் பிரிக்க ஒருவராலும் முடியாது. திங்கட்கிழமை காலையில் மூன்று சாக்கும் அதே மூலையில் இருந்தது.

அரிசியில் கல் கிடந்தது என்றார்கள் கமிட்டியார். அடுத்த வருடம் ஆறு பெண்கள் யேசுரத்தினத்தின் முற்றத்தில் உட்கார்ந்து சொளவில் புடைத்து, ஒரு கல் இல்லாமல் கொடுத்தார்கள். வரத் தாமதமாகிவிட்டது, அதற்குள் அளந்து வைத்துவிட்டோம் என்றார்கள். அதற்கடுத்த வருடம் மேட்டுவிளைக்கு முந்தியே, வியாழக்கிழமை கொண்டுபோய்ப் போட்டார்கள். அடியில் மாட்டிக்கொண்டது என்றார்கள். 2010-இல் அவர் சிலுவைதாசனிடம் பேசி, சாக்கில் எழுத்து போடாமல் வைக்கச் சொன்னார். எல்லாச் சாக்கும் ஒன்றுபோல இருந்தால் எதை ஒதுக்குவார்கள்? சிலுவைதாசனும் எழுதவில்லை. அவர் வாக்குக் காப்பாற்றுகிற ஆள். அந்த ஞாயிறு அசனத்தில் யேசுரத்தினம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ராஜபாய் பெண்கள் பந்தியிலிருந்து அவரைப் பார்த்துக் கையால் போதும் என்று காட்டினார்.

திங்கட்கிழமை மூலையில் மூன்று சாக்கு இருந்தது. எழுத்தில்லாத சாக்கு.

மகள் ஷைஜா அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், லீவுக்கு வந்திருந்தாள். “அப்பா, பழுது அரிசியில இல்ல,” என்றாள். அவர் ஏணியை மடக்கிக்கொண்டே, அதை மட்டும் அவர்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் ஐந்து வருடம் மிச்சமாகியிருக்கும் என்றார். கோபத்தில் சொன்னதுபோலத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் காரணம் கேட்பதை நிறுத்தினார். சபைக் கமிட்டியில் கீழவிளைக்கு ஒரு இடம் உண்டு, வழக்கமாக வயதான ஒருவர் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். யேசுரத்தினம் தேர்தலில் நின்று அந்த இடத்துக்கு வந்தார். எட்டு வருடம். வருடத்துக்கு ஒரு மனு. ‘எல்லா வீட்டுப் பிடியரிசியையும் ஒரே அண்டாவில் வேகவைக்க வேண்டும்.’ ஒரே வாக்கியம், எட்டு வருடமும் மாறவில்லை. கூட்டக் குறிப்பில் அதற்குக் கீழே ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதுவார்கள். அதுவும் மாறவில்லை.

அந்தக் கூட்டங்களில் தோள்சீலைக் கதை அடிக்கடி வரும். தங்கள் முப்பாட்டிமார் மார்மறைத்து நடந்ததற்காக மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்துச் சீலையைக் கிழித்தார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள், அப்போது சபைதான் பக்கத்தில் நின்றது என்று மேட்டுவிளைக்காரர்கள் எழுந்து பேசுவார்கள். சிலர் அழுதுவிடுவார்கள். யேசுரத்தினமும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதற்கு அடுத்த பொருளாக அவருடைய மனு வரும்.

சபைக்கு வெளியிலும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. தையல்கடை பொன்னுலிங்கம் அண்ணன், அவர் சபைக்காரர் இல்லை, அய்யாவழியைச் சேர்ந்தவர், தினமும் சாயங்காலம் சாயாக்கடையில் இருப்பவர், ஒருநாள் கேட்டார்: “ரத்தினம், ஒரு பிடி அரிசிக்குப் பின்னால என்னத்துக்கு ஓடுத? கல்லறைத் தோட்டத்தில நடுவுல ஒரு எடம் கேளு. வேலை வாய்ப்புக் கேளு. பள்ளிக்கூடத்தில ஒரு வாத்தியாரு வேல கேளு.”

“கேக்கலாம் அண்ணே,” என்றார் யேசுரத்தினம். “கல்லறையில கெடக்கியவனுக்குப் பக்கத்தில யாரு கெடக்கியான்னு தெரியாது. தின்னியவனுக்குத் தெரியும்.”

2018-இல் புதிதாக ஒரு இளம் போதகர் வந்தார். மனுவைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அங்கியை மாட்டிக்கொண்டு சமையல் கொட்டகைக்கு வந்து, கீழவிளைச் சாக்கைத் தானே அவிழ்த்து, அளந்து வைத்திருந்த அரிசியின்மேல் கொட்டி, இரண்டு கையாலும் அடிவரை கலந்தார். ஒரு சாக்கு, இரண்டாவது, மூன்றாவது. மெலிந்த ஆள், மூச்சு வாங்கியது. மேட்டுவிளைக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. கடைசியில் ஒருவர் அவர் கை கழுவத் தண்ணீர் கூட எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நூற்று முப்பது இலைதான் விழுந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரே நாளில் மூன்று கல்யாணம், குளச்சலில் ஒரு வீடு பால்காய்ப்பு, அங்கே இங்கே காய்ச்சல். தங்கையன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மிச்சமான சோற்றைப் பார்த்துச் சிலுவைதாசன் தலையைச் சொறிந்தார். யேசுரத்தினம் மட்டும் சந்தோஷமாக இருந்தார். முகூர்த்த நாளில் அசனம் வைத்தால் இப்படித்தான், அடுத்த வருடம் காலண்டரைப் பார்த்து வைக்கவேண்டும் என்று வீட்டில் சொன்னார். ராஜபாய் அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர், ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு மீதியை ஊற்றினார்.

அடுத்த மே மாதம் போதகருக்கு மாற்றல் வந்தது. வழக்கமான மாற்றல்தான், மூன்று வருடம் முடிந்தால் வருவது. அவருக்கு ஒரு வருடத்தில் வந்தது.

ஆகஸ்டில் கமிட்டி கூடியது. செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். சபையில் ஒற்றுமையைக் காக்கவும், விளைவாரியாக எவ்விதப் பேதமும் வராமல் இருக்கவும், இந்த வருடம் முதல் அசனத்துக்கு யாரிடமும் அரிசி வாங்குவதில்லை. கருங்கல்லில் ஒரு கேட்டரிங்காரரிடம் பிரியாணி சொல்லிவிடலாம். எல்லாருக்கும் ஒரே அண்டா, ஒரே சாப்பாடு. வாசித்து முடித்துவிட்டு அவர் யேசுரத்தினத்தைப் பார்த்து, இது உண்மையில் உங்கள் மனுவின் பலன்தான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது, பதினோரு பேரில் முதல் கையெழுத்து அவரே போடட்டும் என்றார்கள். ‘எவ்விதப் பேதமும் வராமல்’ என்ற வரியை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். எட்டு வருடத்தில் அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் ஏறியதில்லை. முதல் கையெழுத்து அவர் போட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ராஜபாயிடம் சொன்னார். ராஜபாய் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். பிடியை டின்னுக்கு மேலே நீட்டியபடி நின்றார்.

“அப்ப நம்ம அரிசிய என்ன செய்ய?”

யேசுரத்தினம் ஒரு செருப்போடு அங்கேயே நின்றார்.

“அவங்க அரிசியும்தான் எடுக்கமாட்டாங்க,” என்றார் பிறகு.

“அவங்க அரிசிய எப்பளும் எடுத்தாங்களே.” ராஜபாய் பிடியை டின்னில் போட்டு மூடினார். “ஒங்க கையெழுத்தும் உண்டா?”

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ராஜபாயும் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேசம்மாள் ஆலயத்து வாசலில் வைத்து, எல்லார் காதிலும் விழ, “கோழியாவது தின்னுச்சு. இப்ப அதுவும் இல்லாம ஆக்கியாச்சு,” என்றார். யேசுரத்தினம் குனிந்துகொண்டு நடந்தார். தீர்மானத்தைத் திருத்தக் கேட்டு அவர் இரண்டு மனு கொடுத்தார். பேதமில்லாத தீர்மானத்தை எதற்குத் திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த தேர்தலில் அந்த இடத்துக்குப் பழையபடி வயதான ஒருவர் வந்தார்.

ராஜபாய் பிடி எடுப்பதை விடவில்லை. வாங்க ஆளில்லாத அரிசி. டின் நிறைந்தால் டிரம்மில் தட்டுவார், வண்டு வராமல் வெயிலில் காயவைப்பார், பழையதை எடுத்துப் பொங்கிவிட்டு அந்த அளவுக்குப் புதிது போடுவார். என்னத்துக்கு என்று ஷைஜா போனில் கேட்டால், “கை பழகிப்போச்சு மக்கா,” என்பார். முப்பது வருடம் அவர் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவர். மேட்டுவிளையில் பாதிப்பேரை முதன்முதலில் கையில் வாங்கியது அவர்தான்.

2022 நவம்பரில் ஒரு விடியற்காலையில் ராஜபாய்க்குப் பக்கவாதம் வந்தது. நான்காம் நாள் போய்விட்டார்.

ஏழாம் நாள் வீட்டில் துக்க ஜெபம். அதற்கு யேசுரத்தினம் ஒன்று செய்தார். ஞாயிறு ஆராதனையில் போதகரிடம் எழுதிக்கொடுத்து அறிவிக்கச் சொன்னார்: சபையார் அனைவரும் வந்து ஜெபத்தில் கலந்துகொண்டு, ராஜபாய் சேர்த்துவைத்த பிடியரிசிச் சோற்றைச் சாப்பிட்டுப் போகவேண்டும். போதகர் அதை மாற்றாமல் வாசித்தார். டிரம் முழுக்க இருந்தது. முப்பத்தெட்டு வீட்டுக்காரரும் தங்கள் வீட்டிலிருந்ததைக் கொண்டுவந்தார்கள். நேசம்மாள் முதலில் கொண்டுவந்தார். அருமனையிலிருந்து சமையல்காரர் வந்தார். நானூறு பேருக்கு உலை வைத்தார்கள். அளவு போதுமா, மேட்டுவிளையில் புதிதாகக் கட்டிவந்த பெண்களைச் சேர்த்தாயா என்று அவர் மகளிடம் நாலு தடவை கேட்டார். ஷைஜா சென்னையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியும். வேறு ஒரு கணக்கும் தெரியும், அதைச் சொல்லவில்லை.

மேட்டுவிளைக்காரர்கள் வந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். நூற்றைம்பது பேருக்கு மேல். பந்தலில் இடமில்லாமல் ரோட்டில் நின்றார்கள். ராஜபாயின் படத்துக்கு முன்னால் பெண்கள் அழுதார்கள், பொய்யழுகை இல்லை. ஒருத்தி தன் இரண்டு பிள்ளைகளையும் படத்துக்கு நேரே நிறுத்தி, ஒங்கள மொதல்ல எடுத்தது இவியதான் என்று காட்டினாள்.

ஜெபம் முடிந்ததும் ஷைஜா இலைக்கட்டை எடுத்தாள். பந்தியில் உட்கார யேசுரத்தினம் கைகூப்பி அழைத்தார். சபைப் பொருளாளர் முதலில் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குச் சுகர் கேட்டியா ரத்தினம். சோறு தொடப்பிடாதுன்னு டாக்டரு சொல்லியாச்சு.”

“எவ்வளவு உண்டும்?” என்று யேசுரத்தினம் கவலையோடு கேட்டார்.

“இருநூத்தி நாப்பது.”

“வெறும் வயித்திலயா?”

பொருளாளர் தலையாட்டினார். அடுத்து வந்தவருக்கும் சுகர். அடுத்தவருக்குச் சுகரும் பிரஷரும். ஒரு பெண்ணுக்கு மாத்திரை போட்டு ஒரு மணிநேரம் கழித்துத்தான் திங்கவேண்டும். அவள் மகனுக்கு டியூஷன். போதகருக்கு அருமனைப் பக்கம் இன்னொரு ஜெபக்கூட்டம். எல்லாரும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். முதல் பத்துப்பேரிடம் யேசுரத்தினம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். பிறகு கேட்கவில்லை, கையை மட்டும் கொடுத்தார். ஷைஜா எண்ணாமலிருக்க முயன்றாள். நாற்பத்தொரு பேருக்குச் சுகர். இலைக்கட்டு அவள் கையிலேயே இருந்தது.

ஒரு மணிக்குப் பந்தியில் கீழவிளை மட்டும் இருந்தது. பொன்னுலிங்கம் அண்ணன் அவர்களோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். மேட்டுவிளைக்காரர்கள் சிலர் ரோட்டில் கார் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் ஓரத்து நாற்காலியில் தங்கையன் மட்டும் போகாமல் இருந்தார். யேசுரத்தினம் பக்கத்தில் வந்ததும் அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

“பசிக்குது லே.”

“வா. எல போடுதேன்.”

“இஞ்ச வேண்டாம். உள்ள வச்சு தா.”

“பந்தலில ஒக்காரு லே. நான் கூட ஒக்காருதேன்.”

“இல்ல மக்கா.” தங்கையன் ரோட்டைப் பார்த்தார். “ஆளு நிக்குது.”

யேசுரத்தினம் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். நாற்பத்துமூன்று வருடத்தில் தங்கையன் அந்த வீட்டுப்படி ஏறியது அதுதான் முதல். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யேசுரத்தினம் இலை போட்டு, சோறும் பருப்பும் கறியும் தானே விளம்பினார். தங்கையன் வேகமாகத் தின்றார். இரண்டாவது தடவை இலையைத் தட்டிக்காட்டிச் சோறு கேட்டார். பாதியில் நிறுத்தி, கையில் எடுத்த உருண்டையைப் பார்த்தபடி அழுதார். “அவளுக்க கையாக்கும் லே இது. ஒவ்வொரு பிடியும்.” அழுதுகொண்டே தின்றார்.

முன்பக்கத்தில் யாரோ வரும் சத்தம் கேட்டது. யேசுரத்தினம் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தாழ்ப்பாள் இல்லாத கதவு. நேசம்மாள் வெளியே நின்று உப்பு கேட்டார். “பிறகு தாறேன்,” என்றார் யேசுரத்தினம். சத்தம் விலகிப்போகும்வரை கையை எடுக்கவில்லை.

தங்கையன் கை கழுவி, வாயைத் துடைத்து, வந்த வழியே பின்வாசலில் இறங்கித் தென்னைகளுக்கு நடுவே சுற்றி ரோட்டுக்குப் போனார். யேசுரத்தினம் முன்பக்கமாக வாசலுக்கு வந்தார். கார் பக்கத்தில் தங்கையனின் மனைவி பெபிஷா நின்றாள், பொருளாளரும் இன்னும் ஐந்தாறு பேரும் இருந்தார்கள்.

“எங்க போனிய இவ்வளவு நேரம்?” என்று பெபிஷா புருஷனிடம் கேட்டாள்.

“ஒண்ணுக்குப் போனேன்.”

“தின்னியளா?”

“எங்க. எனக்கும் சுகர் உண்டுல்லா.”

பெபிஷா அவர் முகத்தையும் கையையும் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் கேட்டாள். யேசுரத்தினத்தைவிட பத்து வயது இளையவள், ஆனால் எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். “ரத்தினம், இவரு உள்ள வந்து ஏதாவது தின்னாரா? மாத்திர போடுத ஆளாக்கும், அதுக்குக் கேக்கேன்.”

பந்தலில் பேச்சு நின்றது. பொருளாளர் திரும்பிப் பார்த்தார். ஷைஜா பந்தலின் நடுவில் சோற்று வாளியோடு நின்றாள். சமையலறை ஜன்னல் வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அப்பா ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது உண்மையும்கூட. பதினாறு வருடமாக அவர் கேட்டது அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது. தங்கையன் காரின் கைப்பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல,” என்றார் யேசுரத்தினம். “ஒண்ணும் தின்னல்ல.”

கார் போய்விட்டது. பந்தலில் மெல்ல மறுபடி பேச்சு தொடங்கியது. அண்டாவில் முக்கால் பங்கு சோறு இருந்தது.

ஷைஜா வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யேசுரத்தினம் பிரிக்காமல் மிச்சமிருந்த ஒரு இலைக்கட்டைக் கையில் எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“பின்ன நான் என்ன செய்ய மக்கா?” என்றார்.

சும்மா கேட்டதல்ல. மகள் படித்தவள், பழுது பார்க்கத் தெரிந்தவள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றார்.